முதல் மழைத் தண்ணீர்

சேன்-ஆந்த்ரே, ரெயூனியன்
பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். போனில், "அங்க போயும் மழைத்தண்ணியா பிடிக்கிற?" என்று சிரித்தாய். சரி, விவரமாகவே எழுதுகிறேன்.

நம் வீட்டில் முதல் மழையைப் பிடிக்க விடமாட்டாய். ஓட்டுத் தூசியெல்லாம் போகட்டும் என்பாய், அப்புறம்தான் தாழ்வாரத்தில் அண்டா வரும். எனக்கு இங்கே வேண்டியதே அந்தத் தண்ணீர்தான். பல நாள் காற்றில் மிதந்த தூசியை முதல் மழை அப்படியே இறக்கிக்கொண்டு வரும். எங்கேயோ வெடித்த அணுகுண்டின் மிச்சமோ அணு உலைக் கசிவோ அதில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டர் எவர்சில்வர் தட்டு, அதன்கீழ் கேன். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு ஒரு லிட்டர். இந்தப் பிரெஞ்சுத் தீவின் மழைக்கு இந்த ஏற்பாடு போதாது. 1966 ஜனவரியில் இங்கே மலைமேல் ஃபோக்-ஃபோக்கில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் கொட்டியது. இன்றும் அதுதான் உலகச் சாதனை. என் தட்டு அங்கே இருந்திருந்தால் 1,825 லிட்டர்! போன மாதப் புயலில் என் கேனும் வழிந்துவிட்டது. எவ்வளவு பெய்தது என்றே தெரியாமல் அந்த வார மாதிரி வீண். பிரெஞ்சில் திட்டு வாங்கினேன். பாதிதான் புரிந்தது.

கேனில் முதலிலேயே கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விடுவேன், இல்லையென்றால் நாங்கள் தேடும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கேன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுண்டக் காய்ச்சுவது. இருபது லிட்டரும் வற்றி, அடிப்பிடித்த வெல்லப்பாகு மாதிரி ஒரு பழுப்புக் கறை மிஞ்சும். அதை ஈயக் கூட்டுக்குள் இருக்கும் ஜெர்மேனியம் கருவியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன், கறையிலிருந்து வரும் கதிர்களை விடிய விடிய அது எண்ணும்.

விஷ மழையோ என்று பயப்படாதே. அதிகம் தெரிவது பெரிலியம்-7. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் மேல்காற்றில் மோதி உண்டாவது, 53 நாளில் பாதியாகிவிடும். குண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சீசியம்-137 தான் மனுஷன் போட்டது. பாதியாக 30 வருஷம். அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதை நிறுத்த ஒப்பந்தம் போட்டது 1963-இல், அப்பா பிறந்த வருஷம். பிரான்ஸ் கையெழுத்துப் போடவில்லை, 1974 வரை பசிபிக்கில் வெளியிலேயே வெடித்தது. இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

1963-இல் விழுந்த சீசியத்தில் இன்னும் கால் பங்குதான் மிச்சம். இதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதே, தன்னைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்வார்.

அன்புடன்,
உன் மகன்