வெளிநாட்டில் கையெழுத்தாகும் பவர் பத்திரம்: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். துபாயிலோ டொராண்டோவிலோ குடியேறிய ஒருவர், தாம்பரத்தில் உள்ள தம் வீட்டை விற்க ஊரில் இருக்கும் தங்கைக்கு அதிகாரம் எழுதித் தருகிறார். அந்த ஆவணமே பவர் பத்திரம். இதற்குச் சட்டம் தெளிவான வழி வைத்திருக்கிறது. நடைமுறைதான் அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. ஆவணம் எழுதுவதும் சொத்துரிமை பார்ப்பதும் எங்கள் தொழில். இந்தப் பத்திரங்கள் எந்தெந்த இடத்தில் திருப்பப்படுகின்றன என்பதையும், அதைத் தவிர்க்கத் துறை என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறோம்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இரண்டு வழிகளைச் சொல்கிறது. அதிகாரம் கொடுப்பவர் இந்தியாவில் வசித்தால், அவர் வசிக்கும் பகுதிப் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் வசித்தால், நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அலுவலர் ஆகியோரில் ஒருவர் முன் கையெழுத்திட்டால் போதும். தூதரகம் மட்டும்தான் செல்லும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் நோட்டரி முத்திரையுடன் வரும் பத்திரத்தை ஓர் அலுவலகம் ஏற்கிறது, அடுத்த அலுவலகம் தூதரக முத்திரை கேட்டுத் திருப்புகிறது.

ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக வைக்கப்படும் அப்போஸ்டில் முத்திரை விஷயத்திலும் இதே குழப்பம். அந்த முத்திரை பத்திரத்தின் உள்ளடக்கத்துக்குச் சான்று அன்று. கையொப்பமிட்ட நோட்டரி உண்மையான நோட்டரிதான் என்பதற்கே சான்று. அப்போஸ்டிலுக்கு அடிப்படையான ஹேக் உடன்படிக்கை 2005 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும் அது நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேரவில்லை. அங்குள்ள நம்மவருக்கு இந்தியத் தூதரகமே நேரான வழி. உள்ளூர் நோட்டரியிடம் போனால் அரபு மொழிப் பகுதிக்கு மொழிபெயர்ப்பு, அதற்குச் சான்று என்று வேலை நீளும். எந்த நாட்டிலிருந்து வருவதற்கு எந்த அத்தாட்சி போதும் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை வந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது பெயர். நம் ஊர் முன்னெழுத்து வழக்கம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அப்படியே நிற்பதில்லை. கிரையப் பத்திரத்தில் ‘கு. செல்வம்’ என்று இருப்பவர் கடவுச்சீட்டில் ‘செல்வம் குமாரசாமி’ ஆகிவிடுகிறார். பட்டாவில் மூன்றாவதாக ஒரு வடிவம் இருக்கும். பவர் பத்திரத்தில் கடவுச்சீட்டுப் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், விற்பவர் வேறு ஆள் என்ற கேள்வி சார்பதிவாளர் மேசையில் எழும். அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. எல்லா வடிவங்களையும் எழுதி, எந்த ஆவணத்தில் எது என்று குறித்து, அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று பத்திரத்துக்குள்ளேயே வாசகம் சேர்க்க வேண்டும். அந்த வாசகம் இருக்கும்போது தனி உறுதிமொழிப் பத்திரம் கேட்க வேண்டியதில்லை என்று துறை அறிவிக்கலாம்.

அதிகாரங்களைத் தனித்தனியாக எழுதாததும் பெரிய தடையாகிறது. ‘விற்க அதிகாரம்’ என்ற ஒரு வரியை நம்பி இறங்கக்கூடாது. விற்பனை ஒப்பந்தம் போடுவது, கிரையப் பத்திரத்தில் கையெழுத்திடுவது, பதிவுக்குத் தாக்கல் செய்து எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்வது, சுவாதீனம் (சொத்தின் அனுபவம்) ஒப்படைப்பது ஒவ்வொன்றும் வர வேண்டும். வீட்டுக் கடன் இருந்திருந்தால், வங்கியில் அசல் பத்திரங்களைத் திரும்பப் பெறவும் கடன் தீர்ந்த ரசீது ஆவணத்தைப் பதியவும் தனி வரி தேவை. அது இல்லாவிட்டால் அசல் வங்கியிலேயே முடங்கும். பணம் பெறும் அதிகாரத்தை முகவருக்கு (அதிகாரம் பெற்றவருக்கு) கொடுக்காமல், தொகை உரிமையாளரின் என்ஆர்ஓ கணக்குக்கே (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருவாய்க்காக இங்குள்ள வங்கியில் வைத்திருக்கும் கணக்கு) செல்ல வேண்டும் என்று எழுதுவது எங்கள் பரிந்துரை. சொத்து விவரத்தில் புல எண், உட்பிரிவு, நான்கெல்லை, அடுக்ககமானால் நிலத்தில் உள்ள பிரிபடாத பாகத்தின் சதுர அடி ஆகியவை தாய்ப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரில் வீடு இருந்தால் இருவருமே எழுதித் தர வேண்டும்.

பத்திரம் இங்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்லும் கெடு இது. கையெழுத்திட்ட நாளிலிருந்து கணக்கிட்டுக் காலம் போய்விட்டது என்று திருப்புவது தவறு. வந்த நாளுக்குச் சான்று கூரியர் உறைதான். அதைக் கிழித்து எறிந்துவிட்டு வருபவர்கள் ஏராளம். தீர்வை செலுத்தும் விண்ணப்பப் பட்டியலிலேயே ‘அசல் உறை’ என்று அச்சிட்டுவிடுங்கள்.

இனி, எங்கள் முதன்மையான வேண்டுகோள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அசையாச் சொத்து குறித்த பவர் பத்திரங்களைக் கட்டாயம் பதிய வேண்டும். அதனால் அவை, சொத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரிகின்றன. ஆனால் வெளிநாட்டில் எழுதப்பட்டவற்றுக்கு, பதிவைக் கட்டாயமாக்கிய சட்டத் திருத்தமே விலக்கு அளித்திருக்கிறது. தீர்வை செலுத்திச் சான்று பெற்றாலே அவை பயன்பாட்டுக்கு வந்துவிடுகின்றன. பதியப்படாதது எதுவும் வில்லங்கச் சான்றுக்கு வருவதில்லை. அதிகாரத்தை ரத்து செய்ய நினைக்கும் உரிமையாளருக்கு இது பேராபத்து. ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவுப்படி, ரத்து முகவருக்குத் தெரியும்வரை அவரையும், வாங்குபவருக்குத் தெரியும்வரை வாங்குபவரையும் கட்டுப்படுத்தாது. அயல்நாட்டிலிருக்கும் ஒருவர், யார் வாங்கப் போகிறார் என்றே அறியாமல், வாங்குபவருக்கு எப்படித் தெரியப்படுத்துவார்? தீர்வை பெற்று மாவட்டப் பதிவாளர் ஏற்ற ஒவ்வொரு வெளிநாட்டுப் பவர் பத்திரத்தையும், அதன் ரத்தையும், புல எண்ணோடு இணைத்து வில்லங்கச் சான்றில் தெரியச் செய்யுங்கள். வாங்குபவருக்கும் அதுவே காப்பு.

அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் முகவரின் அதிகாரமும் முடிந்துவிடும். ஆகவே கிரையத்தின்போது உயிர்வாழ் சான்று கேட்பது சரியே. யார் தரும் சான்று செல்லும், அதில் என்ன தேதி இருக்க வேண்டும், வெளிநாட்டு மருத்துவரோ நோட்டரியோ தந்தால் ஏற்கப்படுமா என்பதை எழுத்தில் சொல்லுங்கள். கிரையத்துக்கு நாள் குறித்த பிறகு இதற்காகத் தூதரகத்தில் மறுபடி நேரம் வாங்க வேண்டியிருந்தால், வாங்குபவரின் வங்கிக் கடன் அனுமதியே காலாவதியாகிவிடக்கூடும்.

விற்பவர் வெளிநாட்டில் வசிக்கிறார் என்பதும் கிரையப் பத்திரத்தில் தெளிவாக வர வேண்டும். முகவரின் உள்ளூர் முகவரியைப் பார்த்து, வாங்குபவர் 1 விழுக்காடு வருமான வரி மட்டும் பிடித்துவிட்டுப் பிறகு நோட்டீஸ் பெறுகிறார். வெளிநாட்டில் வசிப்பவர் விற்கும்போது பிடிக்க வேண்டிய வரி வேறு, அதிகம்.

இன்னும் விமானம் ஏறாதவர்களுக்கு எளிய வழி, புறப்படும் முன்பே இங்கு பவர் பத்திரத்தைப் பதிந்துவிடுவதுதான். வெளிநாட்டு அத்தாட்சி, உறை, 3 மாதக் கெடு எதுவும் இல்லை. வில்லங்கச் சான்றிலும் ஏறிவிடும். இதைத் துறையின் இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே போடலாம்.

ஏற்கெனவே போய்விட்டவர்களுக்காக ஒரே ஓர் ஏற்பாடு கேட்கிறோம். கையெழுத்திடும் முன் வரைவை இணையவழி அனுப்பி, மாவட்டப் பதிவாளர் அலுவலகம் 7 வேலை நாளில் பார்த்துக் குறை சொல்லும் வசதி வேண்டும். ஓர் உட்பிரிவு எண் தவறினாலும் இன்று மறுபடி தூதரகம், மறுபடி கூரியர்.

இப்படிக்கு,
ஆவண எழுத்தர்களும் சொத்துரிமை வழக்கறிஞர்களும்