நான்கு நிமிடத்தில் நின்றுபோகும் மல்ட்டிகாஸ்ட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெட்வொர்க்கில் இணைந்த சிறு சாதனங்கள் சில நிமிடங்கள் மட்டும் தகவல் பெற்றுவிட்டுப் பின் மௌனமாகிவிடுவதைப் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தவர், சாதனத்தை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் சரியாகிவிடும் என்று ஆலோசனை கூறியிருந்தார். சரியாகிறது என்பது உண்மைதான். ஆனால் ஏன் சரியாகிறது, எவ்வளவு நேரத்துக்குச் சரியாகிறது என்று அவர் கேட்டிருந்தால் பழுது இருக்கும் இடமே தெரிந்திருக்கும். மைக்ரோகன்ட்ரோலர்கள் என்னும் சிறு கணினிச் சிப்புகளுக்கு ஈதர்நெட் டிரைவர் (கேபிள் நெட்வொர்க் வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட நான், இதே பழுதை என் கையாலேயே உண்டாக்கி, மூன்று நாள் அதைத் தேடியும் அலைந்திருக்கிறேன்.

மௌனமாவது பெரும்பாலும் மல்ட்டிகாஸ்ட், அதாவது ஒரே அனுப்புதலில் பல கருவிகளுக்குத் தகவல் தரும் முறை. அதில் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள முகவரிகள் தனியொரு கருவியைக் குறிப்பதில்லை, ஒரு குழுவைக் குறிக்கின்றன. குழுவில் சேரும் சாதனம் ஐஜிஎம்பி (IGMP) என்னும் குழுச் சேர்க்கை நெறிமுறையின் வழியே அதை அறிவிக்கிறது. ஸ்னூப்பிங் வசதியுள்ள ஸ்விட்ச் அந்த அறிவிப்பை ஒட்டுக்கேட்டு, கேட்டவர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அக்குழுவின் பாக்கெட்டுகளை அனுப்புகிறது. ஸ்விட்ச் வைத்துக்கொள்ளும் இந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. குவெரியர் (வினவுபவர்) பொறுப்பிலிருக்கும் ரவுட்டர், வழக்கமான அமைப்பில், 125 விநாடிக்கு ஒருமுறை இன்னும் யார் இருக்கிறீர்கள் என்று வினவும்; இரண்டு வினவல்களுக்கான காலமும் பதிலுக்கான 10 விநாடியும் சேர்ந்த 260 விநாடிக்குள் பதில் வராவிட்டால் பதிவு அழிந்துவிடும்.

எங்கள் சாதனம் சரியாக நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் வேலை செய்தது. இணைப்பைச் சோதிக்கும் பிங்குக்குப் பதில் வந்தது, எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் வந்தது, மடிக்கணினியோடு நேராகக் கேபிளில் இணைத்தால் நாள் முழுதும் மல்ட்டிகாஸ்ட்டும் வந்தது. போதாக்குறைக்கு, பெயர் கண்டறியப் பயன்படும் 224.0.0.251 குழு ஸ்விட்ச் வழியாகவும் ஒருபோதும் நிற்கவில்லை. 224.0.0 எனத் தொடங்கும் முகவரிகளை ஸ்விட்சுகள் பதிவு பார்க்காமல் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பிவிடுவது வழக்கம் என்பதை மறந்து, மல்ட்டிகாஸ்ட் நலமாகத்தான் இருக்கிறது, செயலியின் (அப்ளிகேஷன்) நிரலில்தான் குறை என்று நண்பர்களிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

குறை என் டிரைவரில் இருந்தது. வினவல் 224.0.0.1 என்ற முகவரிக்கு வருகிறது. ஈதர்நெட்டில் அது 01-00-5E-00-00-01 ஆகிறது. செயலி கேட்ட குழுக்களை மட்டும் எந்த முகவரிப் பாக்கெட்டுகளை உள்ளே விடுவது என்று சிப் பார்க்கும் வன்பொருள் வடிகட்டியில் பதித்த நான், யாரும் கேட்காமலே எப்போதும் திறந்திருக்க வேண்டிய இந்த முகவரியைப் பதிக்கவில்லை. ஆகவே வினவல் சிப்பின் வாசலிலேயே விழுந்தது. நெறிமுறைகளைக் கவனிக்கும் நெட்வொர்க் ஸ்டாக் மென்பொருளுக்கு அது வந்ததே தெரியாது, பதிலும் போகவில்லை. சாதனத்தை நிறுத்தி இயக்கும்போது சேர்க்கை அறிவிப்பு புதிதாகப் போவதால் இன்னொரு 260 விநாடி கிடைக்கிறது. தங்கள் கட்டுரையாளர் சொன்ன மருந்தின் வீரியம் அவ்வளவுதான்.

இந்த நிலையில் பலரும் செய்வது, எல்லா மல்ட்டிகாஸ்ட்டையும் உள்ளே விடும் பிட்டை (சிப்பின் அமைப்புச் சுவிட்சை) ஏற்றிவிட்டுச் சாதனத்தை விற்பனைக்கு அனுப்புவது. வினவலும் உள்ளே வருமாதலால் பழுது மறையும். ஆனால் ஸ்னூப்பிங் இல்லாத ஸ்விட்சில், அக்கம்பக்கத்துக் காணொளி ஓடை முழுவதும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு இன்டரப்ட்டாக (வேலையை இடைநிறுத்தும் அழைப்பாக) அந்தச் சிறிய மைக்ரோகன்ட்ரோலரின் தலையில் இறங்கும். சில ஆயிரம் பைட் இடையகத்தோடு (தற்காலிக நினைவகத்தோடு) அது என்ன செய்யும்? சோதனைக்காக அந்தப் பிட்டை ஏற்றிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஏற்றியதும் பாக்கெட் வந்தால் வடிகட்டியில் பிழை என்று உறுதியாகும், அதன் பிறகு பிட்டை இறக்கிவிட வேண்டும்.

வடிகட்டியிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஐபி குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே ஈதர்நெட் முகவரிக்குள் போவதால் 32 குழுக்கள் ஒரே முகவரியில் விழுகின்றன, 224.1.1.1, 225.1.1.1, 224.129.1.1 மூன்றுக்கும் சிப்பில் வேறுபாடே இல்லை. பல சிப்புகள் இதையும் சுருக்கி 64 பிட் ஹேஷ் அட்டவணையில் வைக்கின்றன; முகவரியிலிருந்து சிஆர்சி என்னும் கணக்கால் பெறும் எண், அதில் எந்தப் பிட் என்பதைச் சொல்லும். அந்தக் கணக்கில் பிட் வரிசை தலைகீழானால் ஒரு குழு வரும், மற்றொன்று வராது. ஒரு குழுவை விட்டு விலகும்போது எண்ணிக்கை பாராமல் பிட்டை அழித்தால், அதே பிட்டைப் பகிரும் இன்னொரு குழுவும் சேர்ந்தே செத்துவிடும்.

குவெரியரே இல்லாத நெட்வொர்க்கிலும் இதே 260 விநாடி அறிகுறி தோன்றும் என்பதால், டிரைவரைத் திருத்துமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். வினவல் எல்லாப் போர்ட்டுகளுக்கும் போகும். ஆகவே அதே ஸ்விட்சிலுள்ள ஏதேனும் ஒரு கணினியில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஐந்து நிமிடம் ஓடவிட்டால் அது வருகிறதா என்று தெரியும். வரவில்லை என்றால் ஸ்விட்சிலேயே குவெரியரை இயக்க வேண்டும். வந்தால், சாதனம் பதில் அளிக்கிறதா என்பதைப் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் வசதி) வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஸ்னூப்பிங் செய்யும் ஸ்விட்ச் அந்தப் பதிலை மற்றவர்களுக்குக் காட்டாது.

இனி இத்தகைய பழுதைப் பற்றி எழுதுபவர்கள், நிறுத்தி இயக்குமாறு சொல்வதோடு, மீண்டும் எத்தனை விநாடியில் நிற்கிறது என்று கடிகாரம் பார்க்கவும் வாசகரிடம் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உட்பொதி மென்பொருள் எழுதும் வாசகர் ஒருவர்