வட்டமடிக்கும்போது எண்ணாதே

அன்புள்ள சங்கரா,

கடிதம் கிடைத்தது. சரணாலயக் குன்றில் வலசைப் பருந்துகளை எண்ணும் குழுவில் நீ சேர்ந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். கூட்டமாக வந்தால் எப்படி எண்ணுவது என்று கேட்டிருந்தாய். எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான்.

தரை சூடாகி மேலெழும் வெப்பக்காற்றில் ஏறி வட்டமடிக்கும்போது எண்ணவே எண்ணாதே. ஒன்றையொன்று மறைக்கும், எண்ணியதே மறுபடி சுற்றி வரும். பொறுத்திரு. உச்சிக்குப் போனதும் சிறகைச் சற்று உள்ளிழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுத்த வெப்பக்காற்றை நோக்கிச் சறுக்கும். அந்த நேரம் பைனாகுலரை ஒரு மேக விளிம்பில் அசையாமல் நிறுத்து. அந்தக் கோட்டைத் தாண்டுகிறவற்றை மட்டும் எண்ணு. நூற்றுக்கணக்கில் வந்தால் பத்துப் பத்தாக. திரும்பி வந்ததைக் கழித்துவிடு.

தரை சூடேறும்வரை அகன்ற சிறகுப் பருந்துகள் எழும்பாது. ஆனால் வல்லூறும் பூனைப்பருந்தும் சிறகடித்தே போகும், அதனால் விடிந்ததும் குன்றில் இருக்க வேண்டும். நண்பகலில் வானம் காலியாகத் தெரியும், பலரும் எழுந்து போய்விடுவார்கள். உண்மையில் அப்போதுதான் அவை வெறுங்கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். வெண்மேகம் இருந்தால் அதன்மேல் புள்ளியாகவாவது சிக்கும். மேகமே இல்லாத நீலவானம்தான் கஷ்டம். குவியம் நிற்க எதுவும் இருக்காது. தூரத்து மலைமுகட்டில் குவித்துக்கொண்டு, அப்படியே மேலே கொண்டுபோய், பட்டை பட்டையாகத் துழாவு.

8×42 (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) பைனாகுலர் போதும். 10 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வை வட்டமும் குறுகும். வெயில் ஏறியபின் ஸ்கோப்பில் (முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி) உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானல் அலைதான் பெரிதாகும்.

நிறத்தை நம்பாதே, வெளிச்சத்துக்கு எதிரே எல்லாம் கறுப்புதான். பூனைப்பருந்து சிறகை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து இருபுறமும் ஆடியபடி போகும். வைரிக்குக் குட்டையான வட்டச் சிறகு, நீண்ட வால். நாலைந்து முறை படபடவென்று அடித்து ஒரு சறுக்கல். வல்லூறின் சிறகு நுனி கூர்மை. இவ்வளவும் பார்த்தபின் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாதது’ என்றே எழுது. ஊகத்தில் ஒரு பெயரைப் போடுவது கணக்கைக் கெடுக்கும். ஒன்றும் வராத மணிக்கும் 0 போட்டு, காற்றின் திசையையும் மேகத்தையும் குறி. இல்லையென்றால் பறவை வரவில்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

முடிந்தபோதெல்லாம் வயதையும் எழுது, இளசா முதிர்ந்ததா என்று. ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஹாக் மவுண்டன் மலையில் பருந்துகளைச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 1934இல் பறவைப் பாதுகாப்புக்காகப் போராடிய ரோசலி எட்ஜ் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து அதை நிறுத்தினார். எண்ணிக்கையும் அந்த ஆண்டே தொடங்கியது. அங்கே 1935–39இல் கடந்துபோன வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955–59இல் 20 சதவீதம்தான். முதிர்ந்தவை பறந்துகொண்டிருந்தன, குஞ்சுகள்தான் இல்லை. டி.டி.டி. பூச்சிக்கொல்லி முட்டையோட்டை மெலியவைத்துக் கொண்டிருந்த காலம் அது. மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் இந்தப் பிரிப்பே கிடைத்திருக்காது.

உங்கள் படிவத்தில் வயதுக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் பருவம் தொடங்கும் முன்பே கேட்டுச் சேர்த்துவிடு. ஒரு நகல் எனக்கும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்