வியர்க்கும் முன்னே ஜிப்பைத் திற

பட்டர்வொர்த், பினாங்கு
மார்கழி முதல் வாரம்

அன்பு மகளுக்கு,

கனடாவின் வின்னிபெக்கிலிருந்து நீ அனுப்பிய படத்தை நேற்றிரவு அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அம்மா உன் முகத்தைப் பார்த்து, இளைத்துவிட்டாள் என்றாள். நான் உன் கழுத்தைப் பார்த்தேன். ஜாக்கெட்டுக்குள் சாம்பல் நிறத்தில் பருத்திச் சட்டை தெரிந்தது. கீழே ஜீன்ஸ். அதன் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிட்டால் நீ "சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி, பாப்பா.

நான் பிறை ஊரில் இருந்த குளிர்கிடங்கில் 19 ஆண்டு வேலை செய்தது உனக்குத் தெரியும். இறாலும் மீனும் வைத்திருக்கும் அறை, எப்போதும் மைனஸ் 18. வீட்டுக்கு வந்ததும் நீ ஓடிவந்து என் கையைத் தொட்டுப் பார்த்து, "அப்பா இன்னும் ஐஸாகவே இருக்கிறார்" என்பாய். ஆனால் முதல் வருஷத்தில் எனக்கு நேர்ந்ததை உன்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அம்மா அந்த வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டாள்.

அந்தக் கம்பெனியில் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு கோட்டு கிடையாது. முந்தைய ஷிஃப்டுக்காரர் கழற்றிப் போட்டதைத்தான் நாங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே கையை விட்டால் அக்குள் பக்கம் சில்லென்று ஈரம் ஒட்டும். அதற்குள் நான் போட்டிருந்தது பருத்தி பனியனும் ஜீன்ஸும். ஒருநாள் ஒரு மணி நேரம் விடாமல் பெட்டி தூக்கினேன். மைனஸ் 18 அறையில் முதுகில் வியர்வை வழிந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோர்க்லிஃப்ட் நின்றுபோய்விட்டது. சரிசெய்ய ஆள் வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றேன், அரை மணி நேரம் இருக்கும். வியர்வையில் நனைந்த பனியன் முதுகில் ஈரத்துணி போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. உடம்பு உதறத் தொடங்கியது. வெளியே வந்து கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், விரல்கள் மடங்கவில்லை. இடது காது நுனி மரத்துப் போயிருந்தது, மறுநாள் கொப்புளம் கட்டியது. இன்றைக்கும் பஸ்ஸில் குளிர்காற்று நேராக அடித்தால் அந்த நுனிதான் முதலில் வலிக்கிறது.

எங்களோடு வேலை செய்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், பாக்சிக், அதாவது மாமா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் மறுநாள் என்னை உள்ளே போகவிடாமல் நிறுத்தி, என் பனியனைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "இதைக் கழற்று. இனி பெட்டி தூக்கும்போது வியர்க்கும் முன்னே ஜிப்பைத் திற. வியர்த்த பிறகு திறந்து பயனில்லை" என்றார். உடையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொண்டு போகும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரத்தில் காயாது. நம் ஊர் வெயிலுக்கு அது வரம். உன் ஊரில் அதுதான் ஆபத்து. ஆகவே தோலை ஒட்டிப் போடும் துணியில், உள்ளாடை, காலுறை உட்பட, பருத்தி வேண்டாம். மெல்லிய மெரினோ ஆட்டுக் கம்பளி வாங்கு. அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் உடம்புக்குச் சூடாகவே இருக்கும், நாற்றமும் சீக்கிரம் வராது. விலை அதிகம்தான், இரண்டு இருந்தால் போதும். முடியாவிட்டால் பாலியெஸ்டர் உள்சட்டை போதும். அதன் மேல் ஃபிலீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். அதற்கும் மேலே காற்றைத் தடுக்கிற, அக்குளில் ஜிப் வைத்த மேல்சட்டை. கால்களுக்கும் இதே கணக்கு. ஜீன்ஸை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வை.

ஆயிரம் ரிங்கிட்டுக்குக் கிட்டத்தட்டக் கொடுத்து வாங்கினாயே, பறவைத் தூவி அடைத்த அந்தப் பெரிய ஜாக்கெட், அதை வீண் என்று சொல்லவில்லை. போடும் நேரம்தான் தவறு. நிலம் அளக்கிற உன் வேலையை நினைத்துப் பார். முழங்கால் பனியில் முக்காலியையும் அளவைக் கருவியையும் தூக்கிக்கொண்டு நடக்கிறாய். அப்போது உடம்பு சூடாகிறது. பிறகு கருவிக்குப் பின்னால் அசையாமல் அரை மணி நேரம் நிற்கிறாய். ஒரே நாளில் இரண்டு வேறு வேலை. நடக்கும்போது அந்த ஜாக்கெட் வண்டியில் கிடக்கட்டும், முதல் பத்து நிமிஷம் கொஞ்சம் குளிரட்டும், பரவாயில்லை. போய் நின்றதும், உடம்பு ஆறுவதற்குள், மற்றதையெல்லாம் கழற்றாமல் அதை மேலே போட்டுக்கொள். அதனால் அது தாராளமான அளவில் இருக்க வேண்டும், இறுக்கினால் உள்ளே இருக்கும் தூவி நசுங்கி, காற்றுக்கு இடம் இல்லாமல் போகும். சூட்டைப் பிடித்து வைப்பது அந்தக் காற்றுதான். தூவி நனைந்தாலும் அப்படியே சுருண்டுவிடும். ஈரப்பனி பெய்யும் நாளில் செயற்கைப் பஞ்சு வைத்த ஜாக்கெட்தான் நல்லது.

காற்றை மறந்துவிடாதே. போர்ட்டேஜ் சாலையும் மெயின் சாலையும் சேரும் முக்கில் நின்றபோது கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். கனடா வானிலைத் துறையின் கணக்குப்படி, மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 போல. அந்த அளவில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிஷம். காலையில் வெறும் டிகிரியை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பார்த்துவிட்டு உடுத்து.

இனி கால். எங்கள் அறையில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள், இரண்டு காலுறை போட்டு பூட்ஸுக்குள் காலைத் திணிப்பார்கள். இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், விரல்களை விரித்து மடக்க இடம் இருக்கிற பூட்ஸாக வாங்கு. உன் வேலையிடத்தில் பச்சை முக்கோண முத்திரை உள்ள பாதுகாப்பு பூட்ஸ்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தாய். அதிலேயே குளிர்காலத்துக்கென்று இருப்பதைக் கேள், விரல் முனையில் இரும்பு இல்லாமல் வேறு கடினப் பொருள் வைத்ததும் கிடைக்கும். உள்ளே இருக்கும் கம்பளி உறை கழற்றக்கூடியதாக இருந்தால் மிக நல்லது. இரவில் வெளியே எடுத்துக் காயவை. காலும் வியர்க்கும், நமக்குத் தெரியாது. மாற்றுக் காலுறை ஒரு ஜோடி பையில் எப்போதும் இருக்கட்டும்.

இன்னொன்று, இது எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். நாங்கள் வெறும் சிமென்ட் தரையில் நிற்க மாட்டோம், சரக்கு அடுக்கும் மரப் பாலட்டின் மேல் ஏறி நிற்போம். தரைதான் சூட்டை உறிஞ்சுகிறது. கருவியின் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டோ தடித்த ரப்பர் பாயோ போட்டு அதன்மேல் நில். முக்காலியைத் தூக்குகிறவளுக்கு அது ஒன்றும் பாரமில்லை.

கைக்கு, விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் உறைதான் சூடு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கருவியின் சின்னத் திருகைத் திருப்ப முடியாது. மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றைக் கழற்றாமல் போட்டுக்கொள். அதற்கு மேல் பெரிய உறை, மணிக்கட்டில் கயிறு கட்டி, திருகைத் தொடும் நேரத்துக்கு மட்டும் கழற்று. வெறுங்கையால் உலோகத்தைத் தொடாதே, ஒரு நொடிகூட. ஒருமுறை நான் வெறுங்கையால் இரும்புத் தட்டியைப் பிடித்துவிட்டு, உள்ளங்கைத் தோலை அங்கேயே விட்டு வந்தேன்.

உலோகம் என்றதும் உன் மூக்குத்தி. அம்மாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். காற்று பலமாக அடிக்கும் நாளில் மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றிவிட வேண்டும், தங்கம் குளிரை நேராகத் தோலுக்குள் இறக்கும். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: நீ பிறந்த வருஷம் நகையை அடகு வைத்தபோது ஆறு மாதம் மூக்கில் வேப்பங்குச்சிதான் வைத்திருந்தாளாம், துளை மூடவில்லையாம். எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷம் சொன்னதும் இல்லை. அங்கே பிளாஸ்டிக் குச்சி விற்பார்கள், அதை வாங்கிப் போட்டுக்கொள் என்கிறாள்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்துவிட்டது என்றாய். 24 டிகிரிக்குக் கீழே அது அப்படித்தான், கெட்டுப்போகவில்லை. தலைக்குத் தேய், முகத்துக்குப் பூசினால் குளிர் தாக்காது என்று மட்டும் நம்பாதே. எண்ணெய் தோல் உறைவதைத் தடுக்காது. முகத்துக்குக் கழுத்துவரை இறங்கும் துணி உறைதான். தொங்கும் சால்வை வேண்டாம், எந்திரத்தில் சிக்கும். மூச்சு பட்டு அந்த உறை நனைந்துவிடும், ஆகவே இரண்டு வைத்துக்கொள், மதியம் மாற்று. தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே.

நம் நிறத்தில் குளிர் கடித்தது சட்டென்று தெரியாது. வெள்ளைக்காரருக்குத் தோல் வெளுக்கும் என்பார்கள், நமக்குச் சாம்பல் பூத்ததுபோல் மங்கும், மெழுகுபோல் கெட்டியாகும். கூட வேலை செய்கிறவரிடம் சொல்லிவை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்கென்று வலித்த இடம் திடீரென்று வலிக்காமல் போனால் உடனே உள்ளே போ. தேய்க்காதே, கொதிக்கும் நீரில் வைக்காதே. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீர் போதும். மறுபடி குளிருக்குள் போக வேண்டியிருக்கும் என்றால் அதையும் செய்யாமல் மருத்துவரிடம் போ. வேலை நிற்கிறதே என்று யோசிக்காதே. நான் யோசித்தேன்.

போன ஞாயிறு லோரோங் கூலிட் சந்தைக்குப் போனேன். அங்கே பண்டல் என்கிற பழைய துணிக் குவியலில் கரும்பச்சை ஸ்வெட்டர் ஒன்று கிடைத்தது, சீட்டில் முழுக் கம்பளி என்றிருந்தது. நம்பாமல் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, ஓரமாகப் போய் லைட்டரில் காட்டினேன். முடி கருகும் வாசனை வந்தது, விரலில் தேய்த்தால் பொடியானது. செயற்கை நூலாக இருந்தால் உருகி மணிபோல் உருண்டிருக்கும். பதினைந்து ரிங்கிட். அம்மா கை கழுவும் சோப்பில் அலசி நிழலில் காயவைத்திருக்கிறாள், முழங்கையில் இருந்த ஓட்டையையும் தைத்துவிட்டாள். நாளை தபாலில் போடுகிறேன். தைப்பூசத்துக்கு நாங்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது உன் ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும், அதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இதைப் படித்ததும் உன் பூட்ஸைப் போட்டுப் பார். உள்ளே விரல் ஐந்தும் தாராளமாக அசைகிறதா, எந்த இடம் பிடிக்கிறது என்று எழுது. இறுக்கமாக இருந்தால் உடனே சொல், புதியது வாங்க அப்பா பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்
அப்பா