எலியிலா, மனிதரிலா என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில், இயக்க நரம்பணு நோயை (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து உடல் செயலிழக்கும் நோய்) மஞ்சளும் அமுக்கரா எனும் அசுவகந்தாவும் குணமாக்கும் என்று செய்தி வந்தது. மதியத்துக்குள் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். என் கணவருக்கு அந்த நோய்தான். பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனையில் உறுதி செய்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர் முன்கைத் தோலுக்கடியில் சதை புழு நெளிவதுபோலத் துடிக்கும். விழுங்க முடியாததால், இந்நோயின் வேகத்தைக் குறைக்கும் ரிலுசோல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறேன். நாக்கு மரத்துப்போகிறது என்கிறார்.

எங்களுக்கு மஞ்சள் காடு உண்டு. மஞ்சள் மருந்தானால் என்னைவிட யார் மகிழப்போகிறார்கள்? ஆனால் காய்ந்த விரலி மஞ்சளில் மருந்தாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்குதான். அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் அது பல மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் காட்டினார்கள். அமுக்கராவிலுள்ள வித்தாஃபெரின் என்ற பொருள் இந்நோயுள்ள சுண்டெலிகளின் ஆயுளை நீட்டியது உண்மை. சுண்டெலிகளின்!

மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் இந்நோயுள்ள எலிகளுக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. அமெரிக்காவில் 412 நோயாளிகளிடம் சோதித்து 2007இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் இன்னும் வேகமாக முற்றியிருந்தது. இந்த விவரம் செய்தியில் ஒரு வரியாவது வேண்டாமா?

ரிலுசோல் கூட்டித் தருவது சில மாதங்கள்தான். எங்கள் வீட்டில் அந்த மாதங்களுக்கு விலையே கிடையாது. இங்கே சூரணம் விற்கும் ஒருவர், "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்துங்கம்மா, அப்பதான் இது பிடிக்கும்" என்றார். அவர் கையில் இருந்தது உங்கள் செய்தியின் நகல். ரிலுசோல் சாப்பிடுவோர் கல்லீரலை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையாலும் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

மூலிகை ஆராய்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. முறையாக, மனிதர்களிடம், நம் ஊரிலேயே நடக்கட்டும். இந்நோயில் இளவயதில் காதுகேளாமையோடு வரும் ஒரு வகைக்கே 1970இல் சென்னை மருத்துவர்கள் எழுதியதிலிருந்து 'மெட்ராஸ்' என்று பெயர். அரசு மருத்துவக் கல்லூரிகளும் சித்த மருத்துவர்களும் சேர்ந்து தொடங்கினால், முதல் ஆளாக நாங்கள் கையெழுத்துப் போடுவோம்.

அதுவரை இப்படிச் செய்தி வெளியிடும்போது முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: சோதித்தது எலியிலா, மனிதரிலா; எத்தனை பேரிடம்; ரிலுசோலோடு சேர்த்தா, அதற்குப் பதிலாகவா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாப்பிரெட்டிப்பட்டி, தருமபுரி மாவட்டம்