செயின்ட் மார்ட்டினுக்கு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக விடுங்க: ஒரு திறந்த மடல்

பாடத்தையும் ஸ்கூல் டூரையும் முடிவு பண்ற பெரியவங்களுக்கு,

வணக்கம் ஐயா, அம்மா. எங்க கிரேட் 9 பிள்ளைங்களை நம்ம மொரீஷியஸ்ல, செயின்ட் மார்ட்டின்ல இருக்கிற யூதர் கல்லறைக்கும் அது பக்கத்துல 2014ல திறந்த நினைவு மையத்துக்கும் ஒரு காலை நேரம் கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் கேட்டிருந்தோம். "இப்போதைக்கு வேண்டாம், சென்சிட்டிவ் விஷயம்"னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான், ஒரு வரி. ஏன் எதுக்குன்னு ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வரியைப் படிச்சதிலிருந்து மனசு ஆறல, அதனாலதான் எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

நாங்க ஏன் கேட்டோம்னு உங்களுக்குத் தெரியும், ரிப்போர்ட் உங்க கிட்டதான் இருக்கு. டெஸ்க்ல காம்பஸ் முனையால கீறியிருந்த அந்த நாஜி சின்னம், அதுக்குக் கீழ இருந்த வரி (அதை நான் இங்க எழுத மாட்டேன்), கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல சுத்தின ஹிட்லர் ஸ்டிக்கர், கேஸ் சேம்பர் ஜோக். அதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னா டெஸ்க்கை இழைச்சு வார்னிஷ் அடிச்சாங்க, போனைப் பிடுங்கி வெச்சாங்க, ஃபைலை மூடிட்டாங்க. வார்னிஷ் நல்லா பளபளன்னு இருக்கு, அதுல குறை சொல்ல முடியாது.

கீறின பையன் என்ன சொன்னான் தெரியுமா, "மிஸ், இது நம்ம கோவில்ல போடறதுதானே". கோவில்ல மஞ்சளும் குங்குமமும் வெச்சு நேரா போடற ஸ்வஸ்திகா எது, சாய்ச்சு வெள்ளை வட்டத்துக்குள்ள கறுப்புல போட்டு சிவப்புக் கொடியில ஏத்தினது எதுன்னு அவனுக்கு நல்லாவே தெரியும், அவன் சாய்ச்சுதான் கீறியிருந்தான், சொல்லும்போதே உதட்டோரம் சிரிப்பு வேற. நம்ம சாமி அடையாளத்தை இப்படி ஒளிஞ்சுக்க ஒரு மறைப்பா யூஸ் பண்றானேன்னு எனக்கு அதுவே பெரிய எரிச்சல்.

ஆனா என்னைத் தூங்க விடாதது அவன் இல்ல. எந்த வம்புக்கும் போகாத ஒரு பொண்ணு, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா. "மிஸ், நம்ம ஊர்லதான் யூதங்களே இல்லையே, யாருக்கு வலிக்கப் போகுது?" அந்தக் கேள்விக்கு கரும்பலகையில என்னத்தை எழுதிக் காட்டறது. இருக்காங்கம்மா, செயின்ட் மார்ட்டின்ல மண்ணுக்குள்ள இருக்காங்கன்னு சொன்னேன். கிளாஸ்ல ஒருத்தரும் நம்பல. அந்தப் பக்கத்துலயே குடியிருக்கிற பிள்ளைங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க, அவங்களும் நம்பல.

உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், இருந்தாலும் சொல்றேன், ஏன்னா கிளாஸ்ல நான் சொன்னப்ப எப்படி கேட்டாங்கன்னு நீங்க பாத்திருக்கணும். வியன்னா, பிராக், டான்சிக்னு ஊர் ஊரா ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி ஓடினவங்க, டானூப் ஆத்து வழியா இறங்கி, அட்லாண்டிக்னு ஒரு ஓட்டைக் கப்பல்ல நெருக்கியடிச்சு ஏறி, 1940 நவம்பர்ல, அப்ப பிரிட்டிஷ் கையில இருந்த பாலஸ்தீனத்துல ஹைஃபா கரை வரைக்கும் வந்துட்டாங்க. கரை கண்ணுக்குத் தெரியுது. பிரிட்டிஷ்காரன் 1939லயே ஒரு வெள்ளை அறிக்கை போட்டு, அஞ்சு வருஷத்துக்கு யூதங்க 75,000 பேர்தான் உள்ள வரலாம்னு கணக்கு வெச்சுட்டான், இவங்க கையில பேப்பர் இல்ல, அதனால சட்டவிரோதமா வந்தவங்கன்னு சொல்லி வேற கப்பல்ல ஏத்தி இங்க அனுப்பிட்டான். 1940 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், சுமார் 1,580 பேர் போர்ட் லூயிஸ்ல இறங்கினாங்க. இறங்கினவங்களை நேரா போ பாசின் ஜெயிலுக்குக் கொண்டு போனாங்க. ஆம்பளைங்க ஜெயில் அறைக்குள்ள, பொம்பளைங்களும் குழந்தைங்களும் தகரக் கொட்டகையில, நடுவுல மதில். புருஷன் மதிலுக்கு அந்தப் பக்கம், பொண்டாட்டி இந்தப் பக்கம், ஆரம்பத்துல பாத்துப் பேசக்கூட விடல. நம்ம ஊர் வெயில்ல தகரக் கொட்டகைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. டைபாய்டு, மலேரியான்னு 120 பேருக்கு மேல இங்கயே செத்துப்போனாங்க. மத்தவங்களை 1945 ஆகஸ்ட்லதான் கப்பல் ஏத்தினாங்க. நாலரை வருஷத்துக்கு மேல, ஒரு குத்தமும் பண்ணாம.

இதுல பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டது எதை தெரியுமா? அந்த ஜெயிலுக்குள்ளயே அவங்க தங்கள் பிள்ளைங்களுக்கு ஒரு ஸ்கூல் நடத்தினாங்க. அதைச் சொன்னதும் கிளாஸ் அப்படியே அமைதியாயிடுச்சு. பரீட்சை இருந்துச்சா மிஸ், என்ன பாஷையில படிச்சாங்க மிஸ், ஜெயில்ல எதுக்கு மிஸ் ஸ்கூல்னு ஒரே கேள்வி. ஜெர்மனியில 1938 நவம்பர்ல யூதப் பிள்ளைங்களை அரசு ஸ்கூலை விட்டே துரத்திட்டாங்கன்னு நான் சொன்னப்பதான் கடைசிக் கேள்விக்கு அவங்களே பதில் கண்டுபிடிச்சாங்க. ஸ்டிக்கர் அனுப்பினவங்கள்ல ஒருத்தனும் அங்கதான் உக்காந்திருந்தான், அன்னைக்கு அவன் வாயே திறக்கல. ஹிட்லர் ஆட்சியில அறுபது லட்சம் யூதங்களைக் கொன்னாங்கன்னு சொன்னா பரீட்சைக்கு எழுதிக்கிறாங்க, அவ்வளவுதான், மனசுல ஏறுறதில்ல. தன் ஊர்ல, தான் பஸ்ல போற வழியில, தன் வயசுப் பிள்ளை ஒண்ணு அடைஞ்சு கிடந்துச்சுன்னா ஏறுது. அதனாலதான் கேக்கறேன், செயின்ட் மார்ட்டினுக்குக் கூட்டிட்டுப் போக விடுங்க.

சென்சிட்டிவ்னு நீங்க எதைச் சொல்றீங்கன்னு எனக்குப் புரியாம இல்ல. காஸா. பிள்ளைங்க போன்ல அந்த வீடியோவெல்லாம் பாத்துட்டு கொதிச்சுப்போய்தான் கிளாஸுக்கு வர்றாங்க. கொதிக்கட்டும். குழந்தைங்க சாகிறதைப் பாத்து கொதிக்காத பிள்ளையைப் பாத்தாதான் எனக்கு பயம். ஆனா ஒரு அரசாங்கம் செய்யறதுக்கு கோவப்படறதும், ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்து போ பாசின்ல காய்ச்சல்ல செத்தவங்களைப் பாத்து கெக்கேபிக்கேன்னு சிரிக்கிறதும் ஒண்ணா? இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்ட வேண்டிய இடம் கிளாஸ்ரூம். நாம பேசாம இருந்தா டிக்டாக் பேசும், அது சர்க்குலர் கேட்டுட்டு பேசாது.

சென்சிட்டிவ் விஷயமே கூடாதுன்னா நம்ம சொந்த சரித்திரத்துல என்னதான் மிஞ்சும்? 1968 ஜனவரியில, சுதந்திரத்துக்கு ரெண்டு மாசம்கூட இல்லாதப்ப, போர்ட் லூயிஸ்ல முஸ்லிம்களும் கிரியோல்களும் (ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்) வெட்டிக்கிட்டு பிரிட்டிஷ் பட்டாளம் வந்துதானே அடக்குச்சு. அக்கம்பக்கமா இருந்த குடும்பமெல்லாம் தெருவை விட்டே மாறிப்போச்சு. மேடையில ஏறினா வானவில் நாடுங்கிறோம், எலெக்‌ஷன் வந்தா எந்த சாதி எந்த மதத்துக்கு எத்தனை சீட்டுன்னு விரல் விட்டு எண்றோம். நம்ம தமிழ் வீடுகளும் ஒண்ணும் குறைச்சல் இல்ல, பொண்ணு ஒரு கிரியோல் பையனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லட்டும், காவடி எடுத்த அதே வாயில என்னென்ன வருதுன்னு பாருங்க. இதுக்கெல்லாம் எந்த வார்னிஷ் இருக்கு? வருஷக் கடைசில கடற்கரை பிக்னிக்குக்கு பஸ் கிடைக்குது, ஸ்போர்ட்ஸுக்கு பஸ் கிடைக்குது, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டியூஷனுக்கு ஓட பிள்ளைக்கு நேரம் கிடைக்குது, சகிப்புத்தன்மைன்னு போஸ்டர் போட்டிக்கு கலர் பென்சில்கூட கிடைக்குது, கல்லறைக்குப் போக ஒரு காலை மட்டும் கிடைக்க மாட்டேங்குது...

சரி, எங்கயோ போயிட்டேன். மன்னிச்சுக்கோங்க.

மரியாதையா கேக்கறேன். கிரேட் 9 பிள்ளைங்களுக்கு ஒரு காலை செயின்ட் மார்ட்டினுக்குப் போக அனுமதி குடுங்க. ஜனவரி 27ஐ ஹோலோகாஸ்ட், அதாவது அந்த யூதப் படுகொலை நினைவு நாளா ஐ.நா. 2005ல அறிவிச்சுச்சு, அஞ்சு நாள் கழிச்சு பிப்ரவரி 1, நம்ம அடிமை ஒழிப்பு நாள். அந்த வாரத்துல வெச்சா ரெண்டையும் சேர்த்தே பேசலாம், கிரேட் 9 முடிவுல வர்ற என்.சி.இ. பரீட்சை பயமும் அப்ப இருக்காது. அதோட, வெறுப்புப் பேச்சை கிளாஸ்ல எப்படி எதிர்கொள்றதுன்னு டீச்சர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி வையுங்க, ஏன்னா எங்கள்ல பாதிப் பேரு வம்பு வேண்டாம்னு பக்கத்தைத் திருப்பிடறோம், கண்டிப்பான வாத்தியாரை "ஹிட்லர்"னு செல்லமா கூப்பிடறதும் ஸ்டாஃப் ரூம்லயே நடக்குது. கோவமா வர்ற பேரண்ட்ஸ் கிட்ட நாங்களே உக்காந்து பேசிக்கிறோம், வரணும்னு நினைக்கிறவங்களை கூடவே கூட்டிட்டுப் போறோம்.

பஸ் வாடகைதான் பிரச்சினைன்னா அதை சில அம்மா அப்பாமார் பாத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. எங்களுக்கு வேண்டியது உங்க கையெழுத்து மட்டும்தான், அடுத்த டெர்ம் லிஸ்ட் மூடறதுக்குள்ள போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் பக்கத்துல தமிழ் சொல்லிக் குடுக்கிற ஒரு மிஸ்