அப்பாவின் பதினொன்றும் பன்னிரண்டாவது ஆளும்

லீட்ஸ்,
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அம்மாவின் பார்சலும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்து உறையின் ஒரு மூலையில் எண்ணெய் இறங்கிவிட்டது. அதனால் நீங்கள் எழுதி அனுப்பிய கனவு இந்திய கிரிக்கெட் டீமில் ஜாகீர் கான் பாதிதான் தெரிகிறார். மூன்று மாதமாக நான் ஒரு வரி எழுதாததற்குத் திட்டியிருக்கலாம். திட்டாமல், காலண்டர் தாளின் பின்பக்கம் பதினொரு பேரை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நாம் ‘சாப்பிட்டாயா’வைத் தாண்டுவதே இல்லை.

சரி, டீமுக்கு வருகிறேன். கவாஸ்கர், சேவாக், திராவிட், சச்சின், விஸ்வநாத், கபில், தோனி வரை ஒன்றும் சொல்வதற்கில்லை. கோலி இல்லாத தாளை அக்காவிடம் காட்டாதீர்கள். விஸ்வநாத் எப்படி வந்தார் என்றும் கேட்க மாட்டேன். 1975 பொங்கலுக்குத் தாத்தா தோளில் உட்கார்ந்து வெஸ்ட் இண்டீஸ் பௌலர் ராபர்ட்ஸை அவர் அடித்ததைப் பார்த்தவரிடம் யார் வாதாட முடியும்? அந்த 97 நாட் அவுட்டை நீங்கள் சொல்லிச் சொல்லியே நானும் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கும்ப்ளே, சந்திரசேகர் இரண்டு பேரையும் டீமில் சேர்த்துவிட்டு அஷ்வினை வெளியே உட்காரும் பன்னிரண்டாவது ஆளாகப் போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கும்ப்ளே 132 டெஸ்டில் 619 விக்கெட். அஷ்வின் 106 டெஸ்டில் 537. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓவலில் 1971-இல் சந்திரா 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து நமக்கு இங்கே முதல் தொடரை ஜெயித்துக் கொடுத்தார், ஒப்புக்கொள்கிறேன். அஷ்வினுக்கு அந்த மாதிரி ஒரு நாள் இங்கே வாய்க்கவில்லை என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? ஆட விட்டால்தானே வாய்க்கும்! 2021-இல் நாலு டெஸ்டும் வெளியே. 2023-இல் அதே ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல், உலகத்திலேயே முதலிடத்தில் இருந்த பௌலர், அன்றும் வெளியே.

பன்னிரண்டாவது இடத்தில் முதலில் வெங்கட் (நம் ஸ்பின்னர் வெங்கட்ராகவன்) என்று எழுதி அடித்திருப்பது எண்ணெயையும் மீறித் தெரிகிறது. டெல்லியில் கேப்டனாக இருந்தவரை அடுத்த டெஸ்டிலேயே பன்னிரண்டாவது ஆளாக்கிவிட்டார்கள் என்று இன்னமும் பொருமுகிறவர் நீங்கள். உங்கள் கையாலேயே அதை எழுத மனசு வரவில்லை போலிருக்கிறது. பிரசன்னாவா வெங்கட்டா என்று நீங்களும் மணி சித்தப்பாவும் பேச ஆரம்பித்தால் டீக்கடை நாயர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிற்பாரே, அந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது.

இங்கேயும் எனக்கு ஒரு சித்தப்பா கிடைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவர். எழுபத்து நாலு வயது, தனி ஆள். குடிவந்த ஆறு மாதத்தில் என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “அது பச்சைத் தொட்டியில் போட வேண்டியது.” குப்பைத் தொட்டிதான், இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அப்புறம் நம் டீம் இங்கே டெஸ்ட் ஆட வந்த ஜூன் மாதம் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஏன் ஸ்பின்னர் குல்தீப்பை எடுக்கவில்லை?” என்று கேட்டார். என்னமோ நான்தான் தேர்வுக் குழுத் தலைவர் மாதிரி. நான் தடுமாறி, பேட்டிங் ஆழம் அது இது என்று சொல்ல, “பயம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். இதே லீட்ஸில் 2002-இல் மேகமூட்டத்தில் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்து, கும்ப்ளே, ஹர்பஜன் இரண்டு பேரையும் ஆட வைத்தாரே கங்குலி, அவர்மேல் இவருக்கு அவ்வளவு மரியாதை. அந்த மேட்சில் இன்னிங்ஸால் தோற்றது இவருடைய இங்கிலாந்துதான் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை.

அவருக்கு உலகத்திலேயே பெரிய பௌலர் இந்தப் பக்கத்து ஆளான ட்ரூமன். 1952-இல் இங்கே நாம் ரன் எடுப்பதற்கு முன்பே நாலு விக்கெட் இழந்ததை வாரம் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டார். யார்க்‌ஷயர் மண்ணில் பிறக்காதவனைக் கௌண்டி டீமில் சேர்க்காமலே இருந்த ஊர் இது. வெளிநாட்டிலிருந்து முதலில் எடுத்த ஆள் 1992-இல் நம் சச்சின். “அவன் எங்கள் பையன்” என்கிறார். விட்டுக்கொடுத்துவிட்டேன்.

இங்கிலாந்து ஓப்பனர் பாய்காட்டை மட்டும் அவருக்குப் பிடிக்காது. கட்டை போட்டே மனுஷனைக் கொன்றுவிடுவார் என்பார். ஆனால் வேறு யாராவது பாய்காட்டைக் குறை சொன்னால் சண்டைக்குப் போவார். 1967-இல் இந்த ஊர் ஹெடிங்லி மைதானத்தில் நமக்கு எதிராக பாய்காட் 246 நாட் அவுட். முதல் நாள் முழுக்க ஆடி 106 தான். மந்தமாக ஆடினார் என்று அடுத்த டெஸ்டில் தூக்கிவிட்டார்கள். அன்றைக்குப் பதினாறு வயதுப் பையனாக அந்த மேட்சைப் பார்த்தவர் இவர். “246 அடித்தவனை! ஜெயித்த மேட்சில்!” என்று சொல்லும்போது டீ தளும்பிச் சட்டையில் கொட்டிக்கொள்கிறார், ஐம்பத்தெட்டு வருஷம் கழித்தும். இந்தக் கோடையில் மான்செஸ்டரில் இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் டிராவுக்குக் கை நீட்டியும் ஜடேஜாவும் நம் வாஷிங்டனும் கை கொடுக்காமல் சதம் அடிக்கும்வரை ஆடினார்களே, ஊரே திட்டியபோது இவர்தான், “பாய்காட்டாக இருந்தால் மறுநாள் காலைவரை ஆடியிருப்பான்” என்று நம் பக்கம் பேசினார்.

நான் பதிலுக்குக் கருண் நாயர் கதையைச் சொன்னேன். 2016-இல் வர்தா புயல் அடித்து ஒரு வாரம், சேப்பாக்கம் போகும் வழியெல்லாம் மரம் சாய்ந்து கிடக்க, நீங்களும் நானும் பட்டாபிராமன் கேட் வழியாகப் போய்ப் பார்த்த 303 நாட் அவுட். அடுத்த டெஸ்டில் ரஹானே திரும்பி வந்ததும் இவருக்கு இடமில்லை. அப்புறம் மூன்று டெஸ்ட், அதோடு எட்டு வருஷம் எதுவுமே இல்லை. “அன்புள்ள கிரிக்கெட்டே, எனக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடு” என்று 2022-இல் அவர் எழுதியதையும் சொன்னேன். கிழவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “முந்நூறா? முந்நூறு அடித்த பிறகா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, எழுந்து போய் எனக்கு இன்னொரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த இன்னொரு வாய்ப்பு கடைசியில் ஜூனில் இதே ஊர் டெஸ்டில்தான் கிடைத்தது. 0, 20. இப்போது வெஸ்ட் இண்டீஸ் தொடருக்கு மறுபடியும் இல்லை. ஒருத்தனுக்கு எத்தனை வாய்ப்புக் கொடுப்பது என்று சித்தப்பா கேட்பார். நியாயம்தான். ஆனால் வெளியே உட்கார்ந்திருக்கிறவன் தினமும் காலையில் எழுந்து ஷூ லேஸைக் கட்டுகிறானே, அதை நான் கொஞ்ச நாளாக அதிகம் யோசிக்கிறேன்.

அந்த மேட்சின் கடைசி நாளுக்குக் கிழவர்தான் என்னைக் கூட்டிப் போனார். அவர் மகன் வருவதாகச் சொல்லி வரவில்லை, டிக்கெட் மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை ஆபீஸை விட்டு எப்படிப் போனாய் என்று கேட்காதீர்கள், போனேன். இங்கிலாந்துக்காரர்கள் 371 ரன்னைத் துரத்தி அடித்துவிட்டார்கள். டக்கெட் 97-இல் இருந்தபோது ஜெய்ஸ்வால் கேட்சை விட்டார், அவர் 149 வரை போனார். நம் பக்கம் ஐந்து சதம் அடித்தும் தோல்வி. கிழவர் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. முட்டை சாண்ட்விச்சில் பாதியைப் பிட்டு என் கையில் வைத்தார்.

சாப்பாடு பற்றி அம்மாவுக்கு: நன்றாகச் சாப்பிடுகிறேன். கிழவர் ஞாயிற்றுக்கிழமை ‘யார்க்‌ஷயர் புட்டிங்’ கொண்டுவந்தார். புட்டிங் என்றதும் இனிப்பாக்கும் என்று நினைத்தேன். இல்லை. மைதா, முட்டை, பால் கரைத்துப் பணியாரக் குழி மாதிரித் தட்டில் ஊற்றி ஓவன் அடுப்பில் வைக்கிறார்கள். புஸ்ஸென்று உப்பி, நடுவில் பள்ளமாக இருக்கிறது. பள்ளத்தில் ஊறுகாயை வைத்துச் சாப்பிட்டேன். கிழவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர, தொப்பியைக் கழற்றிவிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. ஹீட்டர் போட்டால் மூக்கு வறண்டுபோகிறது, அதனால் அவ்வளவாகப் போடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டர். 1986-இல் ஆஸ்திரேலியாவோடு சரிசமமாக முடிந்த டை மேட்சில் அவர்கள் ஸ்பின்னர் கிரெக் மேத்யூஸ் சேப்பாக்கம் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் பத்து விக்கெட் எடுத்தார் என்று சொல்வீர்களே, அந்தக் கோலத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை நன்றாகப் போகிறது, நேரம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. போனில் பின்னால் பீப் பீப் என்று கேட்டதே, அது பக்கத்தில் கட்டட வேலை. ராத்திரியில் என்ன கட்டட வேலை என்று சித்தப்பா கேட்பார். இங்கே அப்படித்தான்.

இன்று காலை ஐந்து மணிக்கு, அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன், டெல்லி மேட்சை போனில் போட்டேன். கோடை முழுக்க இங்கே ஒரு டெஸ்ட்கூட ஆடாத குல்தீப்புக்கு ஐந்து விக்கெட். முந்தாநாள் நம் சாய் சுதர்சன் 87. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் பார்த்தேன். நம் வீட்டில் அப்படியா? மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தால், சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்த இரைச்சல் முதலில் காற்றில் வரும். டிவியில் பௌலர் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருப்பார். “அவுட்டுடா, எழுதி வச்சுக்கோ” என்று நீங்கள் சொல்ல, நான் பந்து விழும்வரை மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த இரைச்சலோடு கடற்கரைக் காற்றும் வரும், மாடிவீட்டு மாமி வறுக்கும் கருவாட்டு வாசனையும் வரும். இன்று குல்தீப் ஐந்தாவது விக்கெட் எடுத்தபோது, தெருவில் ஏதாவது கேட்கிறதா என்று ஜன்னலைத் திறந்தேன். பால் வண்டி போயிற்று.

சரி அப்பா, முக்கியமான விஷயங்கள். கண் ஆபரேஷனைத் தை மாதத்துக்குத் தள்ள வேண்டாம். உங்கள் எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்குகிறது, கும்ப்ளே பெயரில் ஒரு எழுத்தே காணோம். தீபாவளி முடிந்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். அக்காவும் மச்சானும் கூட இருக்கட்டும். அதற்கான பணம் தனியாக வரும். வீட்டுச் செலவுக்கு அனுப்புவது மட்டும் இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் ஆகும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். பேங்கில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள். அம்மாவின் சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மீட்பதைத் தை பிறந்ததும் பார்க்கலாம். எனக்குத் தீபாவளித் துணி எடுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் சின்னவளின் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டுங்கள், கடைசி நாள் 17 என்று மெசேஜ் போட்டிருந்தாள். மச்சான் ஸ்கூட்டரை விற்கப் போவதாகச் சொன்னார், அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது ஓடுகிற வண்டி.

கிணற்று மோட்டாருக்கு அந்த மெக்கானிக் 1500 கேட்கிறாரா? போன தடவையும் காயில் போய்விட்டது என்றுதான் வாங்கினார். 500 கையில் கொடுங்கள். மீதியை மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு கொடுங்கள்.

உங்கள் அன்பு மகன்.

அம்மாவுக்கு: அடுத்த தடவை ஊறுகாயை இரண்டு பாட்டிலாகப் போடவும். ஒன்று கிழவருக்கு.